ஆறிலிருந்து பத்து வரை

ஐந்து வரைக்கும் அவருடையது, ஆறிலிருந்து பத்து வரைக்கும் என்னுடையது, இன்றைக்கு ஆறு வராது. முடிவு போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எடுத்தது, செய்தித்தாளோடு வந்த இணைப்பின் மூன்றாம் பக்கத்தை நான்காக மடித்து மிக்ஸிக்கு அடியில் வைத்த அந்த நிமிடமே எடுத்தது, அதன் பிறகு ஆறு நாளும் அதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், குக்கர் விசிலை எண்ணும்போது தீட்டினேன், பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தீட்டினேன், பிடித்திருந்த கை எது என்று பார்த்தேன், வலது கை, இந்தக் கைதான். இப்போது இந்தக் கை என் தலைக்கு மேலே, அட்டையில் செய்த செங்கல் சுவருக்கும் மேலே, வெல்லக்கட்டி என்ற கீரிப்பிள்ளைப் பொம்மையின் சட்டைக்குள் இருக்கிறது. நான் சுவருக்குக் கீழே ஒரு சாண் உயரப் பலகையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் தணிகாசலம், அவருடைய வலது கை கீரியின் தலைக்குள், இடது கை கீரியின் இடது கைக்குள், என் தலை அவருடைய வலது கக்கத்துக்குள். இருபத்திரண்டு வருடமாக அதே கக்கம், அதே சந்தனப் பவுடர். காலை பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளுக்கு எண்ணவும் பல் விளக்கவும் சண்டை போட்டால் சமாதானம் ஆகவும் சொல்லித்தரும் எங்கள் 'பப்பாளித் தோட்டம்' டிவி நிகழ்ச்சிக்கு இன்றைக்கு ஆயிரமாவது வாரம், முதல் முறையாக நேரலை. இருபத்திரண்டு வருடத்துக்குக் கணக்குப்படி ஆயிரத்து நூற்று நாற்பத்து நான்கு வாரம் வர வேண்டும், மீதியைக் கிரிக்கெட்டும் தேர்தலும் வெள்ளமும் தின்றுவிட்டன, யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஆயிரம் என்றால்தான் பேனரில் அழகாக இருக்கிறது. நேரலை என்றால் தப்பு நடந்த இடத்தை வெட்டி ஒட்ட முடியாது. ஆயிரம் வாரமாக நான் காத்திருந்தது அதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது, போன ஞாயிறு வரை தோன்றியதில்லை.

பஞ்சு. அந்தச் சொல்லில்தான் திரும்பத் திரும்பப் போய் இடித்துக்கொள்கிறேன். அந்த மூன்றாம் பக்கத்தில் தணிகாசலத்தைப் பேட்டி எடுத்த நிருபர் பெண் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி, "சார், வெல்லக்கட்டிக்கு ஒரு தலை, ரெண்டு கை, ஆக மூணு வேலை, உங்களுக்கு ரெண்டு கைதானே, மிச்சத்தை யார் பாத்துக்கறாங்க?" இவர் சொன்னதை அவள் அப்படியே போட்டிருக்கிறாள், "வலது கையா, அது பஞ்சு அடைச்சதும்மா, நெஞ்சோட சேத்து ஒரு ஊசி குத்தி வெச்சிருக்கேன், ஆடற மாதிரி தெரியும், எல்லாம் தலைய ஆட்டற விதத்துல இருக்கு." என்ன பஞ்சு என்று அவள் கேட்டிருக்கலாம். இலவம்பஞ்சா, பருத்தியா. தலையணைக் கடையில் இப்போது பஞ்சு என்று கொடுப்பது பஞ்சே கிடையாது, ஏதோ ஆலையில் இழுத்த நூல். சரி, என்ன பஞ்சாகவும் இருக்கட்டும், பஞ்சு எப்படி ஏழு காட்டும், எட்டு காட்டும், அதைக் கேட்டாளா, கேட்கவில்லை, அவள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவளாம், நாங்கள் சொல்லிக்கொடுத்த எண்ணிக்கையின் லட்சணம் இது. ஒரு மனிதக் கையில் இருபத்தேழு எலும்பு. மணிக்கட்டில் மட்டும் எட்டு. திங்கட்கிழமை நூலகத்தில் போய் உட்கார்ந்து இதைப் பார்த்து எழுதிக்கொண்டேன், எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது, சிலர் கோபம் வந்தால் பாத்திரத்தை உடைப்பார்கள், நான் நூலகத்துக்குப் போவேன். அதே பேட்டியில் இன்னொரு வரி, தடித்த எழுத்தில், 'ஐந்து விரல் என் யோசனை.' ஊரில் உள்ள கைப்பொம்மைகளுக்கெல்லாம் நாலு விரல்தான், தைப்பவருக்குச் சுலபம், நாலும் நாலும் எட்டு, எட்டு விரலை வைத்துக்கொண்டு பத்து வரை எண்ணிக் காட்டும் கீரியை எந்தக் குழந்தை நம்பும் என்று முதல் கூட்டத்தில் கேட்டவள் நான். கீரிக்கு நிஜமாகவே ஐந்து விரல் உண்டு என்று விலங்கியல் புத்தகத்தைச் சுமந்துபோய்ப் பக்கம் காட்டியவளும் நான். அன்றைக்கு இவர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே சொன்னார், "இந்தம்மாவுக்குப் படிப்பு ஜாஸ்தி, விரல எண்ண ஆரம்பிச்சிட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது, அவர் சொன்னது இல்லை, நான் சிரித்தது.

அந்த ஞாயிறு பத்தரைக்குக் கீழ்வீட்டுப் புனிதவல்லி மாவுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், அக்குளில் பேப்பர். "என்னக்கா, அந்தக் கீரியோட கை நான்தான்னு எம் புள்ளைங்ககிட்டல்லாம் சொன்னீங்க, பஞ்சாமே." அவர் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார் என்றேன். "பேப்பர்லயா விளையாடுவாங்க," என்று பாத்திரத்தைக் கீழே வைத்தாள், இரண்டு படி இறங்கினாள், நின்றாள், திரும்பினாள், "அப்ப சனிக்கெழம சனிக்கெழம எங்கக்கா போனீங்க?" சத்தமாக இல்லை, சாதாரணமாக, நாளைக்குத் தண்ணி வருமா என்று கேட்பது போல. உள்ளே என் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார், ரேசரைத் தண்ணீர்க் குவளையில் தட்டும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தட்டினார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "நீ போறது அந்த ஸ்டுடியோவுக்குத்தானே," என்றார். "பின்ன?" "இல்ல, கேட்டேன்." இருபத்திரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளும் அந்த 'இல்ல, கேட்டேன்' என்பதற்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அவரிடம் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? நிகழ்ச்சி முடிவில் பெயர் ஓடும், 'வெல்லக்கட்டி: தணிகாசலம்', கடைசியில் 'மற்றும் குழுவினர்', அந்தக் குழுவினரில் நான் ஒரு ஆள், டீ கொண்டுவருகிறவர் இன்னொரு ஆள், அவருக்காவது டீ கொண்டுவந்ததற்கு அத்தாட்சி உண்டு. திரையில் என் உடம்பில் மணிக்கட்டு வரைதான் வரும், அதுவும் பழுப்புக் கம்பளித் துணிக்குள். இது உன் கையா என்று அவர் கேட்டால், ஆமாம் என்று நான் சொல்ல, அவர் நம்ப வேண்டும். நம்புவது என்ற நிலைக்கு வந்துவிட்டோம். தணிகாசலத்துக்கு இது தெரியாது. தெரிந்தால் சிரிப்பார். எனக்கு அவர் சிரிப்பு வேண்டாம், ஆறு வராமல் அவர் முகம் போகும் போக்கு வேண்டும், அதுவும் ஊர் பார்க்க.

"வலது, ரெடியா?" இது ஜெபராஜ், தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர், ஹெட்செட்டோடு குனிந்து சுவருக்கு அடியில் எட்டிப் பார்க்கிறார். எல்லோருக்கும் நான் வலது. வலது வந்தாச்சா, வலதுக்கு டீ சொல்லு, வலதுக்கு இன்னைக்கு மூட் சரியில்ல. அம்மா அப்பா வைத்த பெயர் மங்கையர்க்கரசி, ஒன்பது எழுத்து, யாருக்கும் அவ்வளவு நேரம் இல்லை. ரெடி என்கிறேன். தணிகாசலம் பலகையில் நகர்ந்து உட்கார்கிறார், "தோளை ஆட்டாத, கூசுது." காலையில் ஒப்பனை மேசைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டே விட்டேன், கேட்கக் கூடாது என்றிருந்தேன், வாய் கேட்டுவிட்டது. "பேப்பர் பாத்தேன் சார்." "பாத்தியா, போட்டோ நல்லா வந்திருக்கில்ல." "பஞ்சுன்னு சொல்லியிருக்கீங்க." "அட, கொழந்தைங்களுக்குத் தெரிஞ்சா அந்த மாயம் போயிடும்ல, ரகசியத்தக் காப்பாத்தினேன்." "கொழந்தைங்களுக்கு நாலு வயசு சார், பேப்பர் படிக்காது." அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நேராகப் பார்க்கவில்லை, "ஒனக்குத்தான் படிப்பு ஜாஸ்தியாச்சே." மேசையில் கேடயம் இருந்தது, நிகழ்ச்சியின் கடைசியில் அவருக்குக் கொடுக்கப்போவது, பித்தளைத் தகட்டில் 'தனி ஒருவராய் ஆயிரம் வாரம்.' மூன்று தடவை படித்தேன். தனி ஒருவர். இதோ இந்தத் தனி ஒருவரின் விலா எலும்பு என் காதில் இடிக்கிறது. இவர் எப்போது மூச்சை இழுப்பார் என்று எனக்குத் தெரியும், இழுத்தால் பேச்சு வரும், பாதி இழுத்தால் சிரிப்பு வரும், அந்த மூச்சைக் கேட்டுத்தான் என் கை கிளம்பும், இல்லாவிட்டால் வெல்லக்கட்டி சொல்லி முடித்த பிறகு கை ஆடும், அசடு வழியும். இவர் பெண்டாட்டிக்கு இந்த மூச்சு இவ்வளவு தெரியாது. என் மூச்சு எப்படி என்று இவருக்குத் தெரியுமா? ஒரே ஒரு தடவை இவருக்குச் சிக்குன்குனியா வந்தது, விரலை மடக்க முடியவில்லை, அந்த வாரம் தலையும் குரலும் நான் செய்தேன், என் இடத்தில் ஜெபராஜ் கையை விட்டார், பாவம், அவர் கை பஞ்சைவிட மோசம். ஆனால் தலை எனக்கு வந்தது. தலைக்குள் கை போனதும் அது திரும்பிப் பார்த்த விதம் இருக்கிறதே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அதற்குச் சொல்ல ஏதோ இருந்தது. இவர் நொண்டிக்கொண்டே வந்து எடுத்ததைப் போட்டுப் பார்த்தார், கடைசி வரை பார்த்தார், "பொம்பளப் புள்ள மாதிரி பேசுது," என்றார், அடுத்த வாரம் முழுவதையும் மறுபடி எடுத்தார்கள். நான் எடுத்தது எங்கே என்று கேட்டதற்கு, அதன் மேலேயே எடுத்துவிட்டோம் என்றார்கள்.

பத்து. பாட்டு ஓடுகிறது. காலடியில் மானிட்டர், அதில் நாங்கள், அதாவது வெல்லக்கட்டி, பப்பாளி மரத்தடியில். திரையில் பார்த்தால் என் கை இடது பக்கம் இருக்கும், கண்ணாடி போலத் திருப்பிக் காட்டாது, புதிதாக வருகிறவர்களுக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆகும், எனக்கு இப்போது வீட்டுக் கண்ணாடியில் தலை சீவத்தான் தடுமாறுகிறது. சுவரின் ஓரத்தில் உயரமான முக்காலியில் ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்திருக்கிறார்கள், ரிஸ்வானா, நாலரை வயது, இடது காலில் செருப்பு இல்லை, வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டதாம். அவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, ஆறு நாளில் ஒரு தடவைகூட. ஆறு வராவிட்டால் அவள் என்ன செய்வாள், அழுவாளா, அழட்டும், ஒரு நிமிடம் அழுவாள், நான் இருபத்திரண்டு வருடம், என்ன ஒப்பீடு இது, வெட்கமாக இல்லையா, இல்லை. வெல்லக்கட்டி வணக்கம் சொல்கிறது, என் கை கிளம்பிப் போய் அவர் கையோடு சேர்ந்து கும்பிடுகிறது, பழக்கம். வேலை போகும். போகும் என்று தெரியும், அடுத்த சனிக்கிழமை எனக்குப் போக இடம் இருக்காது, புனிதவல்லி கேட்ட கேள்விக்கு அப்போதுதான் சரியான பதில், எங்கேயும் போகவில்லை. தோள்பட்டையில் அந்தப் பழைய வலி, கத்தியை வைத்துத் திருகுவது போல. டாக்டர் கேட்டார், "என்ன வேலைம்மா, கைய எப்பவும் மேலயே வெச்சிருப்பீங்களா?" ஆமாம் சார், யாரோ துப்பாக்கி காட்டிய மாதிரி. மேலே ரிஸ்வானா, "ஒனக்கு எத்தன பல்லு?" என்று கேட்கிறாள், எழுதிக்கொடுத்ததில் இல்லாத கேள்வி. அவர் பாதி மூச்சு இழுக்கிறார், வெல்லக்கட்டி சிரிக்கிறது, "எண்ணிப் பாரு, கடிக்க மாட்டேன்." நன்றாகத்தான் செய்கிறார். அதுதான் எரிச்சல். திறமை இல்லாத ஆளாக இருந்திருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

இதோ வருகிறது. "வா பாப்பா, நாம பழம் எண்ணலாம், பத்துப் பழம்." மரத்தில் பத்து அட்டைப் பப்பாளி. ஒன்று, அவருடைய கட்டைவிரல் கீரிக்குள் நிமிர்கிறது. இரண்டு. ரிஸ்வானாவும் சொல்கிறாள், குரல் கணீரென்று இருக்கிறது. மூன்று. என் கைக்குள் வேர்வை. நான்கு. கையை எப்படி விடுவது என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருக்கிறேன், மணிக்கட்டை முதலில், பிறகு விரலை, செத்த கோழியின் கழுத்து மாதிரி. ஐந்து. அவர் மூச்சை இழுக்கிறார், என் காதில் அது தெரிகிறது, ஆறுக்கான மூச்சு, என் கை துடிக்கிறது, கிளம்பப் பார்க்கிறது, நான் விடவில்லை. தொங்குகிறது. ஆறு வரவில்லை. ஆயிரம் வாரத்தில் முதல் முறையாகத் தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நொடி. இரண்டு. சுவருக்கு அடியில் அவர் தலை என் பக்கம் திரும்புகிறது, கண் பெரிதாகிறது, அவர் வாய்க்கு முன்னால் மைக், அதில் எது சொன்னாலும் ஊர் கேட்கும், அவரால் என்னை 'ஏய்' என்றுகூடக் கூப்பிட முடியாது. எனக்கு மனசு குளிர்ந்தது, சொல்லாமல் இருப்பானேன், மார்கழிக் காலையில் முதல் சொம்புத் தண்ணீர் மாதிரி குளிர்ந்தது. மூன்றாவது நொடியில் அவர் ஒன்று செய்தார். வெல்லக்கட்டியின் தலையை மெதுவாகத் திருப்பி அதன் வலது கையைப் பார்க்க வைத்தார். கைப்பொம்மை தன் கையைப் பார்க்கக் கூடாது, குழந்தையைத்தான் பார்க்க வேண்டும், அது அவரே எங்களுக்குச் சொல்லித்தந்த விதி. மானிட்டரில் அந்த மூக்கு மேலிருந்து கீழாக என் கையை முகர்ந்து பார்க்கிறது. ரிஸ்வானா பார்க்கிறாள். கேமரா கிட்டே வருகிறது, திரை முழுக்க என் கை. இத்தனை வருடத்தில் யாரும் பார்க்காத கையை இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள், புனிதவல்லி பார்க்கிறாள், என் வீட்டுக்காரர் பார்க்கிறார், கை எப்படி இருக்கிறது, துணிக்குள் அசையாமல், உயிர் இல்லாமல், ஊசி குத்தித் தொங்கவிட்ட மாதிரி. பஞ்சு மாதிரி. ஆறு நாள் உட்கார்ந்து யோசித்து, நூலகத்துக்கெல்லாம் போய், கடைசியில் நான் இவர் பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிப்பு ஜாஸ்தி. கையைத் தூக்கு என்று எனக்கு நானே சொல்கிறேன், தூக்கினால் ஆறு, தூக்கினால் அவர் ஜெயித்தார், தூக்காவிட்டாலும் அவர் ஜெயித்தார், இதை ஏன் ஒரு நாளாவது, ஒரு குக்கர் விசிலுக்காவது நான் யோசிக்கவில்லை.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. அவர் விலாவில் பாதி மூச்சு. வெல்லக்கட்டி குழந்தையிடம் சாய்ந்து ரகசியக் குரலில் சொல்கிறது, "பாப்பா, இந்தக் கை இன்னைக்கு வேல செய்யல. இதுக்குள்ள வெறும் பஞ்சுதான். நாம இந்தப் பக்கமே மறுபடி எண்ணுவோமா?" அவருடைய இடது கை விரல்கள் மடங்கி, கட்டைவிரல் மட்டும் ஆறு சொல்ல நிமிர்கிறது. என் ஆறு. தளத்தில் யாரோ நிம்மதியாகச் சிரிக்கிறார்கள். ஆனால் ரிஸ்வானா அந்தப் பக்கம் பார்க்கவில்லை, சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடிக்கிறாள், கத்திரிக்காய் வாங்குகிறவள் மாதிரி அமுக்கிப் பார்க்கிறாள், துணியைத் தாண்டி ஒரு சின்ன நகம் என் மோதிர விரலில் நிற்கிறது, சுரண்டுகிறது. "பஞ்சு இல்ல," என்கிறாள். "உள்ள மோதிரம் இருக்கு." அவர் முழு மூச்சு இழுக்கிறார், அடுத்து என்ன சொல்லி இதையும் மூடப்போகிறார் என்று எனக்குத் தெரியும், வார்த்தையே தெரியும், வெல்லக்கட்டியின் வாய் திறக்கிறது, என் கை அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டு போய் அந்த வாயைப் பொத்தியது. நான் முடிவு செய்யவில்லை, அந்த மூச்சைக் கேட்டதும் கிளம்பிப் போக அதற்கு ஆயிரம் வாரப் பழக்கம், கிளம்பியது, போன இடம்தான் வேறு. மேல் தாடையில் என் நாலு விரல், கீழ்த் தாடையில் கட்டைவிரல், துணிக்குள் துணி, அதற்குள் அவருடைய விரல்கள், பிடித்தேன். கும்பிடும்போது துணி உரசுவதோடு சரி, இத்தனை வருடத்தில் கையைக் கை பிடித்தது இதுதான் முதல். எலும்பு எலும்பாகத் தெரிகிறது. அவர் திமிறுகிறார், வெல்லக்கட்டியின் தலை இப்படியும் அப்படியும் ஆடுகிறது, ரிஸ்வானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், தளத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பேசினால் மைக்கில் குரல் கேட்கும், ஆனால் வாய் மூடியிருக்கும்போது குரல் வரக் கூடாது, வந்தால் அது பொம்மை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும், இந்த விதியை இவர் உயிர் போனாலும் மீற மாட்டார், அது எனக்குத் தெரியும், அந்த மரியாதை இவர் மீது எனக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் அமுக்குகிறேன். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். வாயை அசைக்கிறார், சத்தம் இல்லாமல், விடு. பிறகு இன்னொன்று, நீளமாக, உதடு ஒவ்வொரு எழுத்தாக மடிகிறது, என் பெயர், முழுப் பெயர், இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஜெபராஜ் கையை உயர்த்திக் கட் சொல்லவா என்று ஹெட்செட்டில் மேலே கண்ட்ரோல் ரூமைக் கேட்கிறார், மேலிருந்து வேண்டாம் என்றிருக்க வேண்டும், கையை இறக்கிக்கொண்டார், ஏனென்றால் குழந்தை எண்ண ஆரம்பித்திருந்தாள். யாரும் சொல்லித்தராமல், தன் விரலைத் தானே நிமிர்த்திக்கொண்டு, ஆறு. ஏழு. எட்டு. என் பிடிக்குள் அவர் விரல்கள் திமிறுவதை நிறுத்தின. ஒன்பது. பத்து. தோட்டத்தில் நாங்கள் பத்தோடு நிறுத்திவிடுவோம், பழமும் அதற்கு மேல் இல்லை, அவள் நிறுத்தவில்லை, விரல் தீர்ந்துபோனதால் செருப்பில்லாத காலைத் தூக்கிச் சுவர் மேல் வைத்துக்கொண்டு பெருவிரலைத் தொட்டாள். "பதினொண்ணு." எவ்வளவு தூரம் தெரியுமோ இவளுக்கு. எனக்கு அவசரம் இல்லை.